முகாமுக்குத் திரும்பியவள்

ஒரே ஆளாக ஆயிரம் பேரை வெட்டிச் சாய்ப்பது கடினமான காரியம் இல்லை. ஒரு பொத்தானை விடாமல் அழுத்தினால் போதும். ஜப்பான்காரர்கள் செய்த அந்த வீடியோ கேமில், கொம்பு முளைத்த சிப்பாய்கள் நடவு முடிந்த வயல் மாதிரி வரிசை வரிசையாக நிற்பார்கள். ஆயுதத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் இருபது பேர் ஆகாயத்தில் பறப்பார்கள். திரையின் ஓரத்தில் ஓர் எண் ஏறிக்கொண்டே இருக்கும். முன்னூறு, ஐந்நூறு, ஆயிரம். புதிதாக ஆட வருகிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் குதிப்பார்கள். திடீரென்று திரை கறுத்து, தோற்றுவிட்டீர்கள் என்று வரும். ஏன் தோற்றோம் என்றே அவர்களுக்குப் புரியாது.

காரணம் முகாம். போர்க்களத்தின் ஒரு கோடியில் நம் படைத்தலைவர் கூடாரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். வயதானவர், சண்டையில் வேகம் இல்லாதவர். நாம் எதிரியின் கோட்டையில் வீரம் காட்டிக்கொண்டிருக்கும்போது பின்பக்கமாக ஒரு படை போய் அவரைச் சூழ்ந்துவிடும். அவர் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. நாம் வெட்டிய ஆயிரம் பேருக்கும் மதிப்பில்லை. அந்தப் படை கிளம்பும்போது திரையின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். மூன்று விநாடி நிற்கும், மறைந்துவிடும்.

அந்த வரியை நான் படிப்பேன். ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடும் இடத்தில் அடுப்படியில் நிற்கிறார். அம்மா அங்கேயே பால் பாத்திரங்களைக் கழுவுகிறாள். என் கல்லூரி விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் அப்பாவின் பெருவிரல் ரேகைதான் இருந்தது. அதை வாங்கிப் பார்த்த கிளார்க் என்னை நிமிர்ந்து பார்த்தார், நானும் அவரை நேராகப் பார்த்தேன். எங்கள் பகுதியான மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ராஜபாளையத்துக்குப் போய் பி.ஏ. ஆங்கிலம் படித்தேன். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள் ஆங்கிலத்தை எடுத்ததற்கு வகுப்பில் சிரித்தவர்கள் உண்டு. இரண்டாம் வருடத்தில் அவர்கள் என் நோட்டை வாங்கி எழுதினார்கள்.

என் தோழி அறிமுகமானது அந்த வகுப்பில்தான். அவளுடைய அப்பாவுக்கு ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்யும் ஃபேக்டரி இருந்தது. வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், என்னிடம் தமிழ். அவள் சின்ன வயதிலிருந்தே கான்வென்டில் படித்தவள், ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏன் என்று நான் யோசித்ததில்லை. என்னைப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுடைய அண்ணன் வெளிநாட்டுக்குப் போகும்போது கேம் பெட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தான். கூடத்துச் சுவரில் கதவு அகலத்துக்கு ஒரு டிவி. ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து அவள் வீட்டுக்குக் கூட்டிப் போய், என் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தாள்.

“ஏட்டி, தலைகீழாப் பிடிச்சிருக்க!”

“எனக்கென்ன தெரியும், நீ எப்படிக் குடுத்தியோ அப்படிப் பிடிச்சேன்.”

சிரித்துக்கொண்டே திருப்பி வைத்தாள். ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். இறக்கை உள்ளவர்கள், நரிவால் உள்ளவர்கள், மலை மாதிரி அரக்கர்கள். அவள் நெருப்பு விசிறி வைத்திருந்த இளவரசியை எடுத்தாள். நான் குட்டையான ஒரு பெண்ணை எடுத்தேன். அவள் கையில் சங்கிலி கட்டிய அரிவாள் இருந்தது. அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்த ஆயுதம் அது ஒன்றுதான். அரிவாள்காரி என்று பேர் வைத்தேன்.

மூன்று வருடம் அந்தக் கூடத்தில் ஆடினோம். திரை இரண்டாகப் பிரிந்திருக்கும், மேல் பாதி அவளுக்கு, கீழ்ப் பாதி எனக்கு. ஆட்டம் எப்போதும் ஒரே மாதிரிதான் போகும். அவள் கண்ணில் பட்டதை எல்லாம் எரித்துக்கொண்டு முன்னே ஓடுவாள். நான் பாதி வழியில் திரும்பிவிடுவேன்.

“எங்கட்டி ஓடுத? கோட்டை இந்தப் பக்கம்ல இருக்கு!”

“முகாம்ல ஆளு ஏறிட்டான். எழுதிருந்துச்சுல்ல?”

“எழுதிருந்தத எவ படிச்சா?”

கான்வென்டில் படித்தவள் இப்படிக் கேட்பது எனக்கு வேடிக்கையாக இருக்கும். அவளுக்கு அந்த வரியைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை, நான் படிப்பேன் என்று அவளுக்குத் தெரியும். வெற்றிகள் எல்லாம் அவளுடைய கணக்கில், அவளுடைய பேரிலும் படத்திலும்தான் ஏறின. அந்தப் பெட்டியில் வேறு கணக்கு இல்லை. அது எனக்கு அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை.

படிப்பு முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீல் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். மனுக்களையும் பிரமாணப் பத்திரங்களையும் தட்டச்சு செய்யும் வேலை. ஆறு மாதத்தில், வக்கீல் வாயால் சொல்வதை நானே திருத்தி அடிக்கும் அளவுக்கு வந்தேன். ராஜபாளையம் போவது குறைந்துவிட்டது. அப்படியிருக்கும்போது ஒருநாள் அவளே போன் செய்தாள்.

“ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வந்துரு. ஆன்லைன்ல ஒருத்தன் கிடைச்சிருக்கான். நல்லா ஆடுதான். நீ வந்தா ஜெயிச்சிரலாம்.”

“யாரு?”

“யாரோ. ரேண்டம்.”

போனேன். அவள் கன்ட்ரோலரை எடுக்கவில்லை. கையில் மருதாணி இட்டிருந்தாள். “நீயே ஆடு, நான் பாக்குறேன்” என்றாள். அடுத்த ஞாயிறு நகப்பூச்சு காயவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு மணிக்கட்டு வலி. இரண்டு மாதம் இப்படியே போயிற்று. நான் ஆட, அவள் என் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்து, போனில் திரையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்.

“மைக்க மட்டும் ஆன் பண்ணிராத. கண்டவன்ட்ட நமக்கு எதுக்குப் பேச்சு?”

சரியான பேச்சுதானே என்று நினைத்தேன். அந்த ஞாயிறுகளில் அவளுடைய அம்மாவே எனக்குக் காபி கொண்டுவந்தார். முதல் டம்ளர் எனக்கு, பிறகுதான் மகளுக்கு. அதற்கு முன்னால் மூன்று வருடத்தில் அப்படி நடந்ததில்லை. வேலைக்குப் போகிற பிள்ளை என்று மரியாதை கூடியிருக்கிறது போல என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

எதிர்முனையில் ஆடியவன் கோடாரி வைத்த ஒரு பெரிய அரக்கனை எடுப்பான். தைரியம் நிறைய, நிதானம் குறைவு. நேராகப் படையின் நடுவில் போய் விழுவான். சுற்றிக்கொள்வார்கள். மிச்ச உயிரைக் காட்டும் அவனுடைய உயிர்க்கோடு சிவந்து துடிக்கும். நான் என் வேலையை விட்டுவிட்டுப் போய்ச் சங்கிலியை வீசி வழி உண்டாக்குவேன். இரண்டு மூன்று வாரத்தில் அவனுக்கு என் ஆட்டம் புரிந்துவிட்டது. நான் எந்தப் பக்கம் திரும்புகிறேனோ அதைப் பார்த்து, முகாமுக்கு ஆபத்து என்று தெரிந்துகொண்டு, வாசலை எனக்காகத் திறந்து வைப்பான். ஒரு வார்த்தை பேசாமல் இவ்வளவும் நடந்தது. ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் தன் அரக்கனை அரிவாள்காரிக்கு முன்னால் நிறுத்தி, இடுப்பை வளைத்து வணங்க வைப்பான். அந்த விளையாட்டில் அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு.

அவன் மேல் எனக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததில்லை. யார், எந்த ஊர் என்றே தெரியாது. ஆனால் வாரம் முழுவதும், மற்றவர்கள் வழக்கை மற்றவர்கள் பேரில் அடித்துக்கொண்டிருக்கும்போது, எங்கேயோ ஓர் ஆளுக்கு நான் எப்படிப்பட்டவள் என்று தெரியும் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. என் அப்பா என்ன வேலை பார்க்கிறார், எந்தத் தெரு என்று எதுவும் கேட்காமல், என் கையை மட்டும் பார்த்து ஒருவன் வணங்குகிறான். அதை நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஆடியதிலேயே பெரிய சண்டை ஒன்று உண்டு. கடலோரக் கோட்டை. பாம்பு உடம்பும் எட்டுக் கையும் உள்ள அரசன் அதற்குள் இருப்பான். வெளியே மணல் தெரியாத அளவுக்குப் படை. மூன்று ஞாயிறு தோற்றோம். நான்காவது ஞாயிறு நான் பாம்பரசன் வரை போய்விட்டேன். இன்னும் இரண்டு வெட்டு, அவன் கதை முடிந்தது. அப்போது அந்த வரி வந்தது. முகாம் வாசல் உடைகிறது. அரக்கன் அங்கே தனியாக நின்று தாங்கிக்கொண்டிருந்தான், உயிர்க்கோட்டில் ஒரு நூல்தான் மிச்சம்.

“வெட்டுட்டி! வெட்டிரு! ரெண்டே ரெண்டு!” அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

நான் திரும்பினேன். மணல்வெளி முழுவதையும் கடந்து ஓடினேன். வழியில் ஒரு பானைக்குள் கிடைத்த, உயிரைக் கூட்டும் உணவை நான் தின்னாமல் கொண்டுபோய் அவன் காலடியில் போட்டேன். இருவருமாக வாசலை மீட்டு, மறுபடியும் கோட்டைக்குப் போய், பாம்பரசனை முடித்தோம். அரக்கன் மூன்று தடவை வணங்கினான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு விளையாட்டு புரியவில்லை. ஆனால் அக்கறையாகக் கேட்டார்.

“நீ பாட்டுக்கு ராசாவ விட்டுட்டுத் திரும்பிட்டியாக்கும்?”

“ஆமாப்பா.”

“பொறவு அந்த ஆளு என்ன செஞ்சான்?”

“மூணு தடவ குனிஞ்சு கும்பிட்டான்.”

“அப்பச் சரி” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அதற்கு அடுத்த வாரம் ஆட வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். பதினைந்து நாள் கழித்து, தனக்கு நிச்சயதார்த்தம் என்று கூப்பிட்டாள். மாப்பிள்ளை கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. வீட்டிலேயே நடக்கிறது, நெருங்கின சொந்தம் மட்டும், ஆனால் நீ கண்டிப்பாக வர வேண்டும் என்றாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இவ்வளவு நாள் பேசியிருக்கிறோம், பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று. இருந்தாலும் லீவு போட்டுவிட்டு, அப்பா அன்று காலையில் இறக்கிய பால்கோவா இரண்டு கிலோவைச் சூடு ஆறாமல் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

தாம்பூலத் தட்டு மாற்றி முடிந்ததும் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் தெலுங்கில் சத்தமாக ஏதோ சொல்ல, கூடமே சிரித்தது. நான் முழிப்பதைப் பார்த்து, எனக்காகத் தமிழில் திருப்பிச் சொன்னார்.

“எங்க பக்கம் தட்டு மாத்துற வரைக்கும் பிள்ளையும் பையனும் போன்ல பேசக்கூடாதும்மா. அப்படிக் கட்டுக்காவல் போட்டு வச்சா, இதுக ரெண்டும் கேம் ஆடிக்கிட்டே பழகிருச்சுக! ஞாயித்துக்கிழமையானா மூணு மணிக்கு எங்க வீட்டுல டிவி பாக்க முடியாது. கேட்டா, பேசல, விளையாடத்தான செய்றோம்ங்கான். அதுல என்ன தப்புன்னு பெரியவுகளும் விட்டுட்டாக.”

தட்டு என் கையில் இருந்தது.

“ரெண்டு ஜாதகம் வந்துச்சு இவனுக்கு. இன்னொண்ணு பெரிய இடம். இவன் மனசு ரெண்டுல எதுன்னு பிடிகுடுக்கவே இல்ல. ஒருநா வந்து சொல்லுதான், ‘அத்தை, அந்தப் பிள்ளை ஜெயிக்கிற சண்டையப் பாதியில விட்டுட்டு என்னையக் காப்பாத்த ஓடி வந்துச்சு. இந்தப் பிள்ளையவே பேசி முடிங்க’ன்னு. விளையாட்டுல பாத்த குணம்! எப்படி இருக்கு பாத்தியா?”

நான் அவளைப் பார்த்தேன். பட்டுப்புடவையில், தலையைக் குனிந்து, சிரிப்பை அடக்கிக்கொள்வது போல் உட்கார்ந்திருந்தாள். வெட்டுட்டி, ரெண்டே ரெண்டு என்று என் தோளை உலுக்கிய கையைத்தான் மடியில் மடித்து வைத்திருந்தாள். அவள் நிமிரவில்லை. அவளுடைய அம்மா என்னைப் பார்த்தார், உடனே வேறு பக்கம் திரும்பினார். காபியின் முதல் டம்ளர் எனக்கு ஏன் வந்தது என்று அப்போது புரிந்தது.

தட்டை வைத்துவிட்டு உள்ளே போனேன். அவள் பின்னாலேயே வந்து, சாமி அறைக் கதவைச் சாத்தினாள்.

“சொல்லிராதட்டி.”

“ரேண்டம்னு சொன்ன.”

“எங்க அண்ணன் செஞ்ச வேல. தங்கச்சி இந்தக் கேம்ல சூரப்புலின்னு அவர்ட்ட அளந்து விட்டுட்டான். அவரு என் கணக்கப் பாத்தாரு. அம்புட்டும் ஜெயிச்சது. ஆடலாமான்னு கேட்டாரு. நான் ஆடுனா முதல் நிமிசத்துலயே செத்துப் போவேன்னு உனக்குத் தெரியாதா?”

“எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல.”

“சொல்லிருந்தா நீ ஆடிருப்பியா?”

ஆடியிருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவு நன்றாக என்னைத் தெரிந்து வைத்திருந்தாள்.

“இப்ப என்ன போச்சு உனக்கு? கேம்தான.”

“கேம்தான்னா நீயே ஆடிருக்கலாமே.”

அவள் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, நிதானமாகச் சொன்னாள்.

“நானா உன்ன இழுத்துட்டு வந்தேன்? நீ ஆசைப்பட்டுத்தான வந்த. உங்க வீட்டுல இப்படி உக்காந்து ஆட முடியுமா? மூணு வருசமா ஆட விட்டேன்ல.”

ஆட விட்டேன். இந்த இரண்டு வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை. நாங்கள் சேர்ந்து ஆடினோம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவள் சாத்திய கதவைத் திறந்தேன்.

கிளம்பிவிடலாம் என்று கூடத்துக்கு வந்தபோது அங்கே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தங்கை டிவிக்கு முன்னால் நின்றாள்.

“ஒரு ஆட்டம் ஆடுங்கண்ணா. மதினியும் நீங்களும். நாங்க பாக்கணும்.”

“டிவி ரிப்பேரும்மா” என்று என் தோழியின் அம்மா அவசரமாகச் சொன்னார். அதற்குள் தங்கை பொத்தானை அமுக்க, டிவி பளிச்சென்று எரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

என் தோழி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். முழங்கை வரை மருதாணி, நகத்தில் பூச்சு, விரலுக்கு விரல் புது மோதிரம். “இந்தக் கையோட எப்படி?” என்று சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “இவ ஆடட்டும் எனக்குப் பதிலா. என் ஃப்ரெண்டுதான். சுமாரா ஆடுவா.”

அங்கேதான் அவள் தப்புக் கணக்குப் போட்டாள். பொத்தானை யார் அமுக்கினாலும் ஒன்றுதான் என்று அவள் உண்மையிலேயே நம்பினாள். மூன்று வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தும், ஆட்டத்தில் ஆளுக்கு ஆள் நடை உண்டு என்பது அவளுக்குத் தெரியவில்லை. அப்போதும் நான் ஏதோ தலைவலி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சுமாரா ஆடுவா என்ற சொல் என்னை உட்கார வைத்தது.

மாப்பிள்ளை சோபாவில் எனக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தார். கண்ணாடி போட்டவர், மெலிந்த ஆள், அரக்கனுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. “வணக்கம்ங்க” என்றார் மரியாதையாக. அவர் கோடாரி அரக்கனை எடுத்தார். நான் நரிவால் பெண்ணையோ இறக்கைக்காரனையோ எடுத்திருக்கலாம். அரிவாள்காரியை எடுத்தேன்.

சின்னச் சண்டைதான் அது, ஆற்றங்கரையில் இரண்டு கோட்டை. வழக்கம்போல அவர் நேராகப் படையின் நடுவில் போய் விழுந்தார். பின்னால் சின்னப் பெண்கள் கைதட்டினார்கள். நான் இடது கோட்டையைப் பிடித்து, எதிரித் தளபதியை மூலையில் சேர்த்தேன். அப்போது கீழே வரி வந்தது. முகாமுக்குப் பின்பக்கம் படை.

திரும்பினால் அவருக்குத் தெரிந்துவிடும். திரும்பாவிட்டால் தோற்போம், எல்லோரும் சிரிப்பார்கள், எங்கள் பொண்ணு ஆடியிருந்தால் ஜெயித்திருக்கும் என்பார்கள், அவள் தப்பித்துவிடுவாள். மூன்று விநாடிதான். அவளுக்காக விட்டுக்கொடுக்கலாமா என்று நான் யோசித்தேன் என்று எழுதினால் அது பொய். என் விரல் ஏற்கெனவே திரும்பிவிட்டிருந்தது.

ஆற்றைக் கடந்து ஓடும்போது பக்கத்தில் கன்ட்ரோலர் சத்தம் நின்றது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அரக்கன் நின்ற இடத்தில் அடி வாங்கிக்கொண்டிருந்தான். பிறகு அவர் திரைக்குத் திரும்பி, எப்போதும் போல முகாம் வாசலை எனக்காகத் திறந்து வைத்தார். ஜெயித்தோம். அரிவாள்காரிக்கு முன்னால் அரக்கன் வந்து நின்றான். நான் காத்திருந்தேன். கூடத்தில் அத்தனை பேர் இருக்கிறார்கள், வாயால் எதுவும் சொல்ல வேண்டாம், அந்த ஒரு பொத்தானை அமுக்கினால் போதும் என்று இருந்தது.

அவர் கன்ட்ரோலரை மேசை மேல் வைத்தார்.

“நல்லா ஆடுறாங்களே!” என்றாள் தங்கை.

“ஆமா” என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி என் தோழியைப் பார்த்துச் சிரித்தார். “நல்லாக் கத்துக் குடுத்திருக்க.”

சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிடாமல் வந்தேன். பஸ்ஸில் அழவில்லை என்று எழுத ஆசைதான். கிருஷ்ணன்கோவில் போகிற ஓர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, “யாரும் தவறிட்டாகளா தாயி?” என்று கேட்கிற அளவுக்கு அழுதேன்.

அவருக்கு உண்மையில் தெரிந்ததா, அல்லது அது என் கற்பனையா என்று பல நாள் குழம்பினேன். கையைப் பார்த்தது வெறுமனே பார்த்ததாக இருக்கலாம். தெரிந்திருந்தால் ஒரு மனிதன் அப்படிச் சொல்வானா? தெரியாது என்று நினைப்பதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. அவளிடம் ஏமாந்தவர்கள் இரண்டு பேர், அவரும் நானும், என்று ஒருவகையில் எங்களை ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய போன் வந்தது. வெளியே படிக்கட்டில் வந்து நின்று எடுத்தேன். எதிரே கோர்ட் வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது.

“கோவமா இருக்கியா? கல்யாணத்துக்கு மூணு நாளைக்கு முன்னாடியே வந்துரணும், சொல்லிட்டேன். உனக்கும் சேர்த்துப் புடவ எடுத்திருக்கு.”

“அவர்ட்ட உண்மையச் சொல்லு. பொறவு வாரேன்.”

ஏதோ என் பாரத்தை இறக்கி வைப்பது போல, இளகின குரலில் சொன்னாள்.

“சொல்ல வேண்டியதே இல்லட்டி. அவருக்குத் தெரியும். அன்னைக்குச் சாயங்காலமே போன் பண்ணிக் கேட்டுட்டாரு. நான் அழுதுட்டேன். ‘விடு, கேம்தான’ன்னு சிரிச்சாரு. எம்புட்டு நல்ல மனுசன் பாரு.”

நான் கேட்டேன்.

“ஆடுனது யாருன்னு கேட்டாரா?”

“உன் ஃப்ரெண்டான்னாரு. ஆமான்னேன்.”

“பேரு?”

“பேரெல்லாம் கேக்கலட்டி.”

அவள் புடவையின் நிறத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். உள்ளே போய், பாதியில் விட்டிருந்த மனுவை அடித்து முடித்தேன். அன்றைக்கு அதில் ஒரு பிழையும் இல்லை.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. என் பேரை நானே அவருக்கு எழுதி அனுப்பிவிடலாம் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வரிதான், எழுதவும் செய்தேன். அனுப்பவில்லை. கேட்காத ஆளிடம் போய் என் பேரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புடவை பார்சலாக வந்தது. ஆபீஸ் முகவரிக்கே அனுப்பியிருந்தாள், என் பேரைத் தெளிவாக, முழுசாக, மேலே எழுதி. பிரிக்காமல் மறுநாளே திருப்பி அனுப்பினேன்.